அத்தான் திருப்பிய ஆறு

என் அக்காவின் புருசன், அதாவது அத்தான், ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். நீர்ப்பாசனத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் கிணற்றடியில் குளித்ததுதான். ஆனால் தொண்ணூறுகளில் கனடாவில், மோர்னிங்சைட்டில் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்த எவரும், யாழ்ப்பாணத்துக்கு ஆறு கொண்டுவரும் கதையைக் கேட்காமல் கை கழுவ முடியாது.

"உது வன்னி," என்று இடியப்பத்தைக் குவிப்பார். "இது குடாநாடு. ஆறெல்லாம் மாரிக்கு வீணாய்க் கடலுக்க போகுது. இதில மறிச்சு, இப்பிடித் திருப்பினா..." ஆறென்று ஊற்றிய சொதி பீங்கான் விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் ஓடும். துடைப்பது அக்கா. குடாநாட்டில் ஆறு இல்லை, கிணறுகள் உவராகின்றன என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையுமா, ஐயோ!

அந்த வீட்டு பேஸ்மென்றில்தான் நான் இருந்தேன். கலியாணம் முடித்த கையோடு கனடாவுக்கு வந்தவன். மனைவி இடம்பெயர்ந்து அலைந்து, கடைசியில் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் வேறு குடும்பங்களோடு ஒரே அறையில் விசாவுக்குக் காத்திருந்தாள். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்களுக்கெண்டு பூட்டுற கதவோட ஒரு அறை இருக்கோ?"

இருக்கிறது என்றேன். நானே கதவு போட்டேன். காப்பெற் விரித்தேன். விசாவும் கிடைத்தது. சனிக்கிழமை அவள் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் கிழமை பார்த்துத்தானா அத்தானுக்கு ஆறு திருப்பும் ஆசை வரவேண்டும்! பின்வளவில் அவருடைய கத்தரியும் மிளகாயும் வெயிலில் வாடிக் கிடந்தன. கூரைப் பீலியில் விழும் மழைத் தண்ணீரோ முன்பக்கத்தால் றோட்டுக்குப் போனது. "கண்ணுக்கு முன்னால வீணாப் போகுது தம்பி!" என்று குழாயைப் பின்பக்கம் திருப்பினார். சுவரோரமாக வாய்க்கால் வெட்டி, ஊர்முறைப்படி பாத்தியும் கட்டினார்.

"அத்தான், சுவருக்குக் கிட்ட வேண்டாம். கீழ நான் இருக்கிறன்."

"விசர்க் கதை கதையாதையும். தண்ணியை நிலம் குடிச்சிடும்."

ஊரில் குடிக்கும். இங்கே களிமண். அதைவிட, ஊரில் வீட்டுக்கு அடியில் எவரும் குடியிருப்பதில்லை. இருந்தால் பாம்புதான் இருக்கும். அந்த மனுசனுக்கு அது உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் இடியும் மழையும். வேலையால் வந்து கதவைத் திறந்தால் என் செருப்பு மிதந்து வருகிறது. சன்னல் இடுக்கால் சேற்றுத் தண்ணீர் கொட்டுகிறது. காப்பெற், மெத்தை எல்லாம் நாசம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! படியில் நின்று எட்டிப் பார்த்த அத்தான் என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தீரே, என்ன வேகமா வருது! அப்ப திட்டம் சரிவரும்."

கையிலிருந்த வாளியை நான் எறியாமல் விட்டது அக்காவின் முகத்துக்காக.

சனிக்கிழமை மனைவி வந்தாள். அக்கா மேலே ஹோலில், பிள்ளைகளுக்குப் பக்கத்தில், எங்களுக்குப் பாய் விரித்திருந்தாள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் மனைவி மெதுவாக, "எங்கட அறை எங்க?" என்று கேட்டாள். கீழே கூட்டிப் போனேன். காப்பெற்றைக் கிழித்தெடுத்த வெறும் சீமெந்து, புழுங்கிய மணம், இரைந்துகொண்டிருந்த ஃபேன். அத்தானையும் வாய்க்காலையும் ஒட்டுமொத்த வன்னி ஆறுகளையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"கதவு பூட்டுமோ?"

"பூட்டும். ஆனா ஈரமெல்லே..."

"அப்ப பூட்டுங்கோ."

பூட்டினேன். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் இருந்துகொண்டு அவள் அழத் தொடங்கினாள். வாய்விட்டு, குழந்தைப் பிள்ளை மாதிரி. இவ்வளவு காலமும் ஆக்களுக்கு நடுவில் அழ முடியவில்லை என்றாள். நான் ஈரத் தரையில் அவள் பக்கத்தில் இருந்தேன்.

கதவு தட்டப்பட்டது.

"தம்பி! வாய்க்காலை மற்றப் பக்கத்தால வெட்டினா..."

பாய்ந்து எழும்பினேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். அத்தான் வெளியே நின்று திட்டம் முழுவதையும் சொல்லி முடித்தார். நாங்கள் கதவைத் திறக்கவில்லை.