அக்கா சொன்ன நான்கு வாக்கியங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு எழுத நேரமில்லை, அத்தானுக்கு எழுதத் தெம்பில்லை, அதனால் இந்தக் கட்டுரை கடைக்குட்டியான என் தலையில் விழுந்தது. எனக்கும் தெம்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே முடியாத வேலை கடைசியில் வாயாடியிடம்தான் வந்து சேரும்.

வீட்டில் அக்காவிடம் நான் மரியாதை போட்டுப் பேசியதே இல்லை. ‘வா, போ, சும்மா இரு’தான். அச்சில் ஏறும்போது ‘அவர்’ என்று தானாக வந்துவிடுகிறது. அக்கா இதைப் பார்த்தால் சிரிப்பார்.

அக்கா சிதம்பரத்தில், மூன்று பிள்ளைகளில் நடுவாகப் பிறந்தார். அப்பா அரிசி ஆலையில் மேற்பார்வை பார்த்தார். அண்ணன் கணக்கில் கெட்டிக்காரர், நான் சண்டையில் கெட்டிக்காரி, அக்காவுக்குப் புத்தகம். ஆங்கில இலக்கியம் படித்து, ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். கல்யாணம் ஆகி, அத்தானோடு நியூ ஜெர்சிக்கு வந்தார். அதன் பிறகு பல வருடங்கள் வேலை செய்ய அனுமதியில்லாத விசா. மான்மவுத் ஜங்ஷனில் ஓர் அபார்ட்மென்டில் சமைத்தார், மகள் யாழினியை வளர்த்தார், நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து படித்தார். “என்னை ஃப்ரிட்ஜ்ல வச்சு மூடிட்டாங்கடி” என்று போனில் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் குறை சொன்னதில்லை.

வேலை அனுமதி வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். இங்குள்ள பள்ளிகளில் கேட்டுப் பார்த்தார். நேர்காணல் வரை கூப்பிட்டு, புன்னகைத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வேலை வந்தது பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி மூலமாக. அவருடைய ஒன்றுவிட்ட தங்கை லின், சீனாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் தயாரிப்பவர். கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். நாம் பள்ளியில் காம்ப்ரிஹென்ஷன் என்று படித்தோமே, அதுதான். அந்தப் பத்திகளை எழுத ஆள் வேண்டும் என்றார்கள். அக்கா எழுதிக் காட்டினார், பிடித்துப்போனது.

உறவுக்காரர்களில் பலருக்கு அக்கா என்ன வேலை பார்த்தார் என்று கடைசி வரை புரியவில்லை. “சீனாக்காரனுக்கு இங்கிலீஷ் டியூஷன்” என்று சொல்லிக்கொண்டார்கள். ஆகவே விளக்கிவிடுகிறேன். முந்நூறு வார்த்தையில் ஒரு பத்தி. அதன் கீழே நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், அதில் ஒன்றுதான் சரி. சரியான விடையை யாரும் எழுதிவிடலாம் என்பார் அக்கா. தப்பான மூன்றை எழுதுவதுதான் பாடு. பார்ப்பதற்கு நியாயமாக இருக்க வேண்டும், உலகத்தில் உண்மையாகக்கூட இருக்கலாம், ஆனால் பத்தியில் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மாலைகளில் வகுப்பும் எடுத்தார். அங்கே அது ஞாயிற்றுக்கிழமை காலை. கணினித் திரையில் இருபது முகங்கள், பாதிக்குத் தூக்கக் கலக்கம். வாரம் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு விடுமுறைக் காலையிலும் வந்து உட்காரும் பிள்ளைகள். அக்கா அவர்களை அதட்டியதே இல்லை. அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “எந்த வரியில் இருக்கிறது?”

லின் ஒருமுறை சொன்னாராம், “எங்கள் பிள்ளைகள் எப்போதும் நல்ல விடையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சரியான விடையை அல்ல.” அக்கா இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “நம்ம சொந்தக்காரங்க எல்லாரையும் சீனாவுக்கு அனுப்பிடலாம்டி. ஒரே கிளாஸ்ல உக்காரலாம்.”

அக்கா எழுதியவற்றில் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் ஒரு சிறிய ஊர். மழை. பள்ளிக்கூட வாசலில் ஓர் அப்பா குடையோடு நிற்கிறார். ‘சைக்கிள் கடை பூட்டியிருந்தது, அதான் இந்தப் பக்கம் வந்தேன்’ என்று மகளிடம் சொல்கிறார். இருவரும் ஒரே குடையில் வீட்டுக்கு நடக்கிறார்கள். கேள்வி: தான் வந்ததற்கு அப்பா என்ன காரணம் சொன்னார்? ‘மகள் நனையக் கூடாது என்று’ என்பது ஒரு விடை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் குறித்தார்கள். அது தப்பு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது எங்கள் அப்பா. “அவர் பாசத்துலதானே வந்தார்? சைக்கிள் கடை எதிர்த் திசையில இருக்கு! அதைப் போய்த் தப்புன்னு போட்டிருக்க?”

“நமக்குத் தெரியும்டி,” என்றார் அக்கா. “பாசேஜுக்குத் தெரியாது.”

இனி நோயைப் பற்றி. கணையத்தில் கட்டி. தெரிந்தபோதே முற்றியிருந்தது. ஆறு மாதம் கீமோ. நான் டெக்ஸஸில் காப்பெலில் இருக்கிறேன். வேலையை வீட்டிலிருந்து பார்ப்பதாகச் சொல்லி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். என் வீட்டுக்காரரும் பையன்களும் ஃப்ரோசன் பரோட்டாவில் உயிர் வளர்த்தார்கள். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, இன்ஷூரன்ஸ்காரனோடு போனில் காத்திருத்தல், மறுபடி ஆஸ்பத்திரி. இதை வீரமாகச் சொல்லவில்லை. செய்தவர்களுக்குத் தெரியும், அதில் வீரம் ஒன்றும் இல்லை, முதுகுவலிதான் இருக்கிறது.

இதற்கு நடுவே உங்கள் அழைப்புகள். கோபித்துக்கொள்ளாதீர்கள். கருஞ்சீரகம், சோற்றுக் கற்றாழை, கோயில், பரிகாரம், அமெரிக்காவில் இல்லாத ஒரு சித்த வைத்தியர். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் தெரியும்.

கீமோ பலிக்கவில்லை என்று ஆனபோது, சான் ஹோசேயில் இருக்கும் அண்ணன் அங்கே ஒரு ட்ரையலை, புதிய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனையை, கண்டுபிடித்தார். அதை நடத்தும் டாக்டரோடு எங்கள் எல்லாரையும் வீடியோவில் சேர்த்துவிட்டார். டாக்டர் பொறுமையாகப் பேசினார். அவர் போனதும் அண்ணன் சொன்னார்: “பாத்தியா, நல்லா ரெஸ்பாண்ட் பண்ணும்னுட்டார். டிக்கெட் போட்டுடறேன். வர்ற ஞாயித்துக்கிழமை உன்னை இங்க கூட்டிட்டு வந்துடறேன்.”

“அண்ணா, சில பேருக்கு ரெஸ்பாண்ட் பண்ணிருக்குன்னுதான் சொன்னார். அந்தச் சில பேர்ல நானும் ஒருத்தின்னு சொல்லவே இல்ல.”

“நெகட்டிவா பேசாத.”

அக்கா தலையணையை நிமிர்த்தச் சொன்னார். சாய்ந்து உட்கார்ந்தார். வகுப்பில் பேசுகிற குரலில், “இப்ப ஒரு பாசேஜ் சொல்றேன். எல்லாரும் கவனமா கேளுங்க,” என்றார். திரையில் அண்ணனும், அவரோடு இருக்கும் அம்மாவும். இந்தப் பக்கம் அத்தான், யாழினி, நான். அக்கா சொன்னது இதுதான். எழுத்து மாறாமல் தருகிறேன்.

“எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. இந்த மருந்து போதும். கடைசி வரைக்கும் என் வீட்ல இருக்கணும். எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல.”

பிறகு, “கேள்வி: இவளுக்கு என்ன வேணும்?” என்றார்.

அண்ணன் முதலில் சொன்னார்: “நீ பயந்து போயிருக்க. அதான் இப்படிப் பேசற.”

“பயம்னு எந்த வரியில இருக்கு?”

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நெனைக்கிற.”

“இல்லீங்க. அதுவும் இல்ல. நீங்க நல்லாதான் பாத்துக்கறீங்க, நான் இன்னும் கொஞ்சம் பாரமா இருந்துட்டுதான் போவேன்.”

“சாமி மேல பாரத்தப் போடு கண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்,” என்றார் அம்மா.

“அம்மா, சாமியும் பாசேஜ்ல இல்லம்மா.”

நானும் சும்மா இருக்கவில்லை. “நீ டயர்டா இருக்க. ரெண்டு நாள் கழிச்சுப் பேசலாமே?”

“களைப்புன்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சுன்னு சொன்னேனாடி?”

யாழினிக்குத் தாங்கவில்லை. “அம்மா, திஸ் இஸ் நாட் அ டெஸ்ட்,” என்று அழுதாள்.

“டெஸ்ட் இல்லடா செல்லம்,” என்றார் அக்கா. “டெஸ்ட்னா இவங்க எல்லாரும் ஃபெயில்.”

யாரும் சரியான விடையைச் சொல்லவில்லை. எல்லாரிடமும் நல்ல விடை இருந்தது. அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டார். அக்கா அதற்கு மேல் வாதாடவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. உயிர் போவதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். தான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்பதைத்தான் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வந்து இறங்கினார். மறுநாள் இருவருக்கும் விமானம். பெட்டியை நானே கட்டிவைத்திருந்தேன். மாலை ஏழு மணிக்கு அக்கா, “லேப்டாப்பைக் குடு, கிளாஸ் இருக்கு,” என்றார். நான் தடுத்தேன், கேட்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே வகுப்பை ஆரம்பித்தார். அன்றைக்கு அந்தக் குடைப் பத்தி. அண்ணன் காபிக் கோப்பையோடு கதவருகில் நின்றார். அவருக்கு அக்காவின் வேலை அதுவரை தெரியாது. அவரும் டியூஷன் என்று சொல்லிக்கொண்டவர்தான்.

ஒரு பெண், மகள் நனையக் கூடாது என்று அப்பா வந்தார், என்றாள்.

அக்கா மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார், “இருக்கலாம். மிக நல்ல அப்பாதான். எந்த வரியில் இருக்கிறது?”

அந்தப் பெண் தேடினாள். அக்கா அவசரப்படுத்தவில்லை. மற்ற பிள்ளைகளும் காத்திருந்தார்கள். கடைசியில் அவள், “எந்த வரியிலும் இல்லை, டீச்சர். நான் விரும்பியதைப் படித்துவிட்டேன்,” என்றாள்.

வகுப்பு முடிந்தது. அண்ணன் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அது அப்பாதானே?”

“அப்பாதான்.”

கோப்பையைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அறுபதை நெருங்கும் மனிதர், ஒரு பெரிய குழுவுக்கே மேலாளர், பரீட்சைக்கு வந்த பையனைப் போல விழித்தார். பிறகு சொன்னார்: “நீ சொன்னதுல ட்ரையல் இல்ல. சான் ஹோசே இல்ல. வீட்ல இருக்கணும்னு சொன்ன. அவ்வளவுதான் சொன்ன.”

“கரெக்ட்,” என்றார் அக்கா. “ஒரு வாரம் எடுத்துக்கிட்ட. என் பசங்களுக்கு எட்டு நிமிஷம்தான் குடுப்பாங்க.”

அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தார். நான் பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தேன். அந்த வருடம் முழுக்க எனக்குச் சலிக்காமல் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

அதன் பிறகு அக்கா இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தார். பனி பார்த்தார், யாழினியோடு சீட்டாடினார், ரசம் கேட்டார், கேட்டுவிட்டு இரண்டு வாய் குடித்தார். இன்னும் மூன்று பத்திகளை எழுதி லின்னுக்கு அனுப்பினார். தம் வீட்டில், தம் கட்டிலில், ஒரு பிற்பகலில் போனார்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வருடமாகக் கல்யாணத்தில், வளைகாப்பில், போனில், யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள்: “ஏம்மா, அவ்வளவு வசதி இருக்கிற நாட்டுல இருந்துக்கிட்டு, அப்படியே விட்டுட்டீங்களே?” அத்தானிடமும் கேட்கிறீர்கள். அவர் எழுந்து போய்விடுகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நானும் இருந்து பார்த்தேன். களைத்துவிட்டேன். ஆகவே அக்கா சொன்ன நான்கு வாக்கியங்களையும் மேலே அச்சடித்திருக்கிறேன். இன்னொரு முறை படியுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அதை வைத்தே சொல்லுங்கள். நாங்கள் விட்டுவிட்டோம் என்று தோன்றினால், எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள். நாலாவது வரியையும் தயவுசெய்து படியுங்கள். அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் மரியாவுக்கு; அக்காவின் பெயரைக் கடைசி நாள் வரை சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்டே இருந்தார். வாரம் தவறாமல் வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு, உள்ளே வந்து பேச்சுக் கொடுக்காமல் போன எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு. பேசாமல் போனதற்குத் தனியாக ஒரு நன்றி. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு. தம் ஊரில் விடியாத நேரத்தில் எழுந்து, வெள்ளை உடையில் திரை முன் அமர்ந்து, இறுதிச் சடங்கு முடியும் வரை நகராமல் இருந்த லின்னுக்கு. டிக்கெட்டை ரத்து செய்த எங்கள் அண்ணனுக்கு.

இன்னொன்றும் எல்லாரும் கேட்கிறீர்கள். கடைசியாக உன்னிடம் என்ன சொன்னார் என்று. பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. மதியம் மருந்து கொடுத்துவிட்டு, நாற்காலியிலேயே தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தேன். அக்கா என் முழங்கையைத் தட்டி, “போய்க் கொஞ்ச நேரம் படுடி,” என்றார். அவ்வளவுதான். போய்ப் படுத்தேன். எழுந்து வந்தபோது அவர் இல்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். பாசேஜுக்குத் தெரியாது.