நட்சத்திரத் தாளின் இடது பாதி

விஷ்ணுப்ரியாவுக்கு முப்பத்து மூன்று வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஏழு வருடம் டியூஷன் எடுத்தவள். பதில் தெரியாமல் ஒரு பிள்ளை விழித்தால், முதல் எழுத்தை மட்டும் உதட்டில் காட்டுவாள். மீதியைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். பெற்றோர்கள் இதைக் கைராசி என்றார்கள். அவளும் நம்பிவிட்டாள். மனித மனம் தனக்குக் கைவந்த விஷயம் என்று முடிவுகட்டி, மருத்துவ உளவியல் முதுகலைக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்தில் உங்கள் பலம் என்ன என்று கேட்டார்கள். "யாரையும் தவிக்க விடமாட்டேன்" என்றாள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். பாராட்டாகத்தான் குறித்துக்கொண்டார் என்று ஒன்றரை வருடம் நினைத்திருந்தாள்.

இரண்டாம் ஆண்டில் களப்பயிற்சிக்குக் கிள்ளானில் ஒரு கிளினிக். தினமும் கொமுட்டர் ரயிலில், பரிசோதனையின்போது முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகுவாள். ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால் தேர்ந்த நிபுணர் போலவே இருக்கும். எதிர் சீட்டு ஆன்டி ஒருநாள், "பல்லு வலியாமா?" என்று கேட்டார்.

அங்கேதான் நாகையா வந்தார். மேருவில் வீடு, ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருடமாக லோரி டிரைவர். மூன்று மாதத்துக்கு முன் லேசான பக்கவாதம். கைகால் தேறிவிட்டது. மறுபடி லோரியில் ஏறலாமா என்பதை ஆஸ்பத்திரி டாக்டர் முடிவு செய்வார். அதற்குமுன் அந்த டாக்டர் படிக்கப்போவது, நாகையாவின் நினைவையும் கவனத்தையும் சோதித்து விஷ்ணுப்ரியா எழுதும் அறிக்கையை.

"நம்ம பிள்ளையா? அப்ப கவலையில்ல லா" என்றபடி உட்கார்ந்தார் நாகையா. அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய ஒன்றரை வருடப் படிப்பு கரைந்துபோனது.

ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். மூன்றாவதில் அவர் தடுமாறினார். அப்பா வயது மனிதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தவிப்பதைப் பார்க்க முடியவில்லை. அவள் உதடு தானாகக் குவிந்தது. "குடை!" என்றார் அவர். அடுத்தது, தாள் முழுக்கச் சிதறிக்கிடக்கும் நட்சத்திரங்களையெல்லாம் வட்டமிடும் பயிற்சி. பாதியில் பென்சிலை வைத்துவிட்டார். "இந்தப் பக்கமும் பாருங்க அங்கிள்" என்று தாளின் இடது ஓரத்தைத் தட்டிக் காட்டினாள். வட்டமிட்டார். எல்லாம் நல்ல மதிப்பெண். அறிக்கையை அன்றே எழுதி முடித்து, பெருமையோடு மேற்பார்வையாளர் மலர்விழியிடம் நீட்டினாள்.

டாக்டர் மலர்விழி, பயிற்சி மாணவர்கள் நடத்தும் பரிசோதனையின் வீடியோவைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. ஓடவிட்டார். நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார்.

"வாழ்த்துகள் விஷ்ணு. ஞாபகசக்தி பிரமாதம்."

"ஆமா டாக்டர், அங்கிள் நல்லாவே..."

"அவருக்கில்ல. உங்களுக்கு."

திரையில் அவள் உதடு குவிந்த நிலையில் உறைந்து நின்றது. மீன் மூச்சுவிடுவது போலிருந்தது. தன்னை அவ்வளவு அசிங்கமாக அவள் பார்த்ததில்லை.

"முப்பது டன் லோரி. இந்த ரிப்போர்ட்ட நம்பி டாக்டர் ஓகே சொல்லிட்டார்னா? ரோட்டுல நீங்க பக்கத்துல உக்காந்து தட்டிக் காட்டுவீங்களா?"

அறிக்கை கிழிந்தது. அதே பரிசோதனையை வேறு சொற்களோடு எடுக்க மாற்றுத் தாள்கள் இருந்தன. ஆனால் முதலில் நாகையாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவரைத் திரும்ப வரச் சொன்னாள்.

"அங்கிள், போன வாரம் எடுத்த டெஸ்ட் செல்லாது."

"ஏம்மா, நான் ஃபெயிலா?"

"இல்ல அங்கிள். நான்தான் ஃபெயில். உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

நாகையா சிரித்தார். "அது தெரியாதா எனக்கு? நம்ம ஆளு, ஹெல்ப் பண்ணுதுன்னு வீட்டுல கூட சொன்னேனே!"

இந்த முறை அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து சொற்களில் இரண்டு வந்தன. அவர் மூன்றாவதைத் தேடிய நாற்பது விநாடியும் அவளுக்கு மூத்திரம் முட்டுவது போலிருந்தது. நட்சத்திரத் தாளை எடுத்துக்கொண்டார். நிதானமாக, சுத்தமாக வட்டமிட்டார்.

"முடிஞ்சதும்மா."

வலது பாதியில் ஒன்று விடாமல் வட்டம். இடது பாதியில் ஒன்றுகூட இல்லை.

அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். விடுபட்ட நட்சத்திரங்களெல்லாம் இப்போது அவருடைய வலப்பக்கம் வந்தன. நாகையா பார்த்தார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"இவ்வளவும் அங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு அங்கிள். கண்ணுல கோளாறு இல்ல. அந்தப் பக்கத்த மூளை கவனிக்காம விட்டுடுது."

"இடது பக்கந்தான்மா மோட்டார் சைக்கிளு வரும்" என்றார் அவர். "பள்ளிக்கூடம் விட்டா மூணு மூணு பேரா வருவானுங்க."

ஆறுதல் சொல்ல அவளிடம் ஏழு வருடச் சரக்கு இருந்தது. எதையும் எடுக்கவில்லை.

"லோரி ஓட்டக் கூடாதுன்னுதான் எழுதப்போறேன் அங்கிள். இப்போதைக்கு காரும் வேணாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். சரியாகலாம். ஆகாமலும் போகலாம்."

அவர் தலையசைத்தார். மனைவி சீதாலெட்சுமி வெளியே பெஞ்சில் காத்திருந்தார். "நீங்களே சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா அழுவா" என்றார் நாகையா.

சீதாலெட்சுமி உள்ளே வந்து முழுவதையும் கேட்டார். அழவில்லை.

"கதவுல இடது தோள இடிச்சிக்கிறார். தட்டுல இடது பக்கம் வச்ச கறிய அப்படியே விட்டுட்டு, கறி எங்கேன்னு என்னைத் திட்டுறார். மொத நாளே சொல்ல வந்தேன். 'நீங்க வெளிய உக்காருங்க ஆன்டி, நாங்க பாத்துக்கிறோம்'னு அனுப்பிட்டீங்க."

விஷ்ணுப்ரியா முதல் நாள் குறிப்பைப் புரட்டினாள். குடும்பத்தினர் தரும் தகவல் என்ற கட்டத்தில் அவளுடைய அழகான கையெழுத்தில் இருந்தது இரண்டே சொல்: ஆதரவான மனைவி.

அதை அடித்தாள்.

"உக்காருங்க ஆன்டி. எப்பலேருந்து இடிச்சிக்கிறார்?"

"இப்பவாச்சும் கேட்டீங்களே" என்று சீதாலெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே ஆரம்பிச்சிடுச்சு. எழுதிக்குங்க."