சுற்றுவதெல்லாம் லோகுவின் இறக்கைகள்

லோகநாதன் இறந்துபோன செய்தி எனக்குத் தெரிவதற்கு முன்பே பென்னலூர் டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தினேன். "லோகு போய்ட்டாராமே சார், ஹார்ட் அட்டாக்காம். அவரு வூட்டுக்குப் போய்ட்டுதான் வர்றீங்களா?" என்றார். துக்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம். இத்தனை வருடம் அவனோடு சைக்கிள் மிதித்தவன் நான். எனக்கு முன்னால் இந்த ஆளிடம் யார் சொன்னது?

அவன் விஷயத்தில் நான் எப்போதுமே இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சுங்குவார்சத்திரத்தில் கூடி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை சைக்கிளில் போய்வரும் நம் கூட்டத்தில் உங்களில் யாருக்கும் இது புதிதல்ல. போய்விட்டவனைப் பற்றி எழுதுகிறேன் என்பதற்காகப் பொறாமையை மறைத்து எழுத எனக்கு வராது.

மேட்டில் பேசிக்கொண்டே ஏறுவான். அவனுடையதைப்போல இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய என் சைக்கிள் பின்னால் முனகிக்கொண்டு வரும். டயர் பஞ்சரானால்கூட அவனுக்கு நிழலில்தான் ஆகும். இதெல்லாம் சில்லறை. உண்மையான பொறாமை அவன் வேலை மேல். ஒரகடம் பக்கம் காற்றாலைக்கு இறக்கை செய்யும் கம்பெனியில், இறக்கைகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் பிரிவில் இருந்தான். நான் ரப்பர் கம்பெனியில் இருக்கிறேன். கார் என்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஹோஸ் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. அவன் தேய்த்த இறக்கை டிரெய்லரில் ஏறிப் புறப்பட்டால் சாலையில் போகிற எல்லோரும் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். நான் அனுப்பியது போய் என்ஜினை மூடும் பானட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

பாலைவனத்தில் சைக்கிள் விடலாம் என்ற யோசனையும் அவனுடையதுதான். வருவதாகத் தலையாட்டியவர்கள் நிறையப் பேர். பொங்கல் விடுமுறையில் சைக்கிளைப் பிரித்து மூட்டை கட்டி ரயிலேறியவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஜெய்சல்மேரிலிருந்து எல்லையோரத்துத் தனோத் கிராமத்துக்குப் போகும் சாலையில் விடிந்ததும் கிளம்பினோம். மணல், முள்செடி, நடுவில் நேராக ஒரு தார்ச்சாலை. ஊரைத் தாண்டியதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது.

சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். முன்னால் போன லோகு ஒரு கையை விட்டுவிட்டுக் கத்தினான். "அண்ணாச்சி, பாத்தியா! நம்ம பிளேடு சுத்திக்கினு கீது!" நான் திருநெல்வேலிக்காரன் என்பதால் அவனுக்கு அண்ணாச்சி, வயதில் அவன்தான் மூத்தவன்.

"உம்ம கம்பெனி பிளேடுன்னு எப்படிவே தெரியும்?" என்று கேட்டேன்.

"சுத்துறதெல்லாம் நம்மள்து. நிக்கிறதெல்லாம் வேற கம்பெனி."

காற்று என்னைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள அவனுக்கு உற்சாகம் ஏறியது. "இன்னும் அடிக்கட்டும், நல்லா கரண்ட்டு வரட்டும்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அவன் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்தது ஆகாயத்தில் சுழல்கிறது. நீ செய்ததைக் காட்டு என்றால் நான் எதைக் காட்டுவேன்? அடக்க முடியாமல் சொல்லியும்விட்டேன். "உமக்கென்னவே, எல்லாரும் அண்ணாந்து பாக்காங்க. நம்ம பொழப்பு பானட்டுக்குள்ள கெடக்கு."

சிரிப்பான் என்று நினைத்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டான். "அப்ப தொறந்து பாத்துரலாம்" என்றான்.

எதிரே வந்த ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினான். அவன் லைனில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்களிடம் பொறுக்கிய இந்தியில், "பையா, பானட் கோலோ. மேரா தோஸ்த் பைப் பனாயா" என்றான். பானட்டைத் திற, உள்ளே இருக்கும் பைப் என் நண்பன் செய்தது என்று அர்த்தம். டிரைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியங்களிடம் வம்பு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, திறந்துவிட்டார். அது வேறு கம்பெனி ஹோஸ். அடுத்து வந்த வேனிலும் எங்களுடையது இல்லை. அப்புறம் வெகுநேரம் வண்டியே வரவில்லை. ஓர் ஒட்டக வண்டி வந்தது. "இதுல பானட் இல்ல, வுடு" என்றான். இருட்டுவதற்குள் தனோத் போய்ச் சேர முடியாது என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஊரு எங்க ஓடிடப் போவுது? உன்னுது ஒண்ணு பாத்துட்டுத்தான் போறோம்."

பாதி வழியில் இருக்கும் ராம்கர் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை வாசலில் ஆடு ஏற்றிய பிக்கப் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. பானட்டைத் தூக்கியதும் குனிந்து பார்த்தேன். ஹோஸின் மேல் எங்கள் கம்பெனி முத்திரை இருந்தது. "இதுதான்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் லோகு, "அண்ணாச்சிதுபா, அண்ணாச்சிது!" என்று கத்தி அதைக் கையால் பிடித்துவிட்டான். ஓடி வந்த சூடு ஆறாத என்ஜின். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அந்தக் கையை உதறிக்கொண்டே டிரைவரைக் கட்டிப்பிடித்தான். கடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னான். நான் அங்கேயும் பொறாமையோடுதான் நின்றேன். ஹோஸ் என்னுடையது, சந்தோஷம் முழுவதும் அவனுக்கு. அடுத்தவன் வேலையைப் பார்த்து அப்படிக் குதிக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. பாழாய்ப்போனவன், அதிலும் என்னை முந்திவிட்டான்.

வெந்த கையோடு ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாமல் ராம்கரிலேயே தங்கிவிட்டோம். தனோத் போகாமல் திரும்பியதற்காக நீங்கள் எங்களை எவ்வளவு கேலி செய்தீர்கள்! ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும், "காத்துபா, செம காத்து" என்றுதான் சொன்னான். அண்ணாச்சியின் வயிற்றெரிச்சலால் நின்றுபோன பயணம் அது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கொரு லோகுவைச் சொன்னீர்கள். மழையில் நனைந்துகொண்டே டியூப் மாற்றிக் கொடுத்தவன், வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் சோறு கொண்டுவந்தவன். எனக்குத் தெரியாத அவனை நீங்கள் அறிந்திருந்தது பொறுக்காமல்தான் நான் பேசாமல் எழுந்து வந்தேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பகலைத்தான். அதில் உங்களில் யாருக்கும் பங்கு கிடையாது. பிறர் பொறாமைப்படும்படியாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், தாராளமாகப் படுங்கள். எனக்கும் அப்படி ஒன்று வாய்த்துவிட்டது என்று கேட்டால் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்படக்கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான். அவனிடம்தான் சொல்ல முடியவில்லை.