செங்கல் காட்டில் முள்ளங்கி

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரை விசில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டு ஆசிரியை. முழங்கால் சவ்வு கிழிந்து, இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தாளாளர் அவரை நூலகத்தில் சும்மா உட்காரச் சொன்னார்.

"கால்தான் போச்சு சார். கை இருக்குல்ல?"

பழைய கட்டடத்தை இடித்த இடம் பின்புறம் காலியாகக் கிடந்தது. அங்கே காய்கறித் தோட்டம் போடப்போவதாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

அதை மண் என்றே சொல்ல முடியாது. செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் இறுகிப்போன களிமண்ணும்தான். தண்ணீர் ஊற்றினால் குட்டையாக நின்றது. அடங்காத வகுப்பு என்று பெயரெடுத்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். கல் பொறுக்கி மாளவில்லை. அவசரத்தில் பச்சைச் சாணியை அப்படியே கொட்டி, கத்தரி நாற்று நட்டார். வேர் வெந்து அத்தனையும் கருகிப்போனது.

"தோட்டமா, சுடுகாடா?" என்று கணக்கு வாத்தியார் கேட்க, ஆசிரியர் அறையே சிரித்தது.

டீக்கடை வைத்திருந்த கணவரும் வீட்டில் சொல்லிப் பார்த்தார். "விட்டுத் தொலையேன்."

"விடறதா? நாளையிலேர்ந்து உங்க கடை டீச்சக்கை எல்லாம் எனக்குத்தான்."

"என்னைக் கேக்க வேணாமா?"

"கேக்கல. சொல்றேன்."

டீச்சர் உரக்குழி வெட்டினார். டீச்சக்கை, காய்கறித் தோல், ஆறிய சாணி எல்லாம் அதில் விழுந்தன. ஈரம் கூடிப்போய், அலுவலகம் வரைக்கும் நாறியது. தாளாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். பெருக்கி எரிக்க வைத்திருந்த சருகையெல்லாம் அள்ளிப்போட்டுக் கிளறியதும் நாற்றம் அடங்கியது. தாளாளர் அடங்கவில்லை. குழியில் மக்கிய உரத்தைப் பாத்தியில் பரப்பி முடித்த சமயம், கார் நிறுத்த அந்த இடம் வேண்டுமென்று ஒரு லாரி ஜல்லியை வரவழைத்தார்.

பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, டீச்சர் தனியாகப் பாத்தி நடுவில் போய் நின்றார்.

"ஒண்ணுமே முளைக்கலையேம்மா, எதுக்கு இந்த மல்லுக்கட்டு?" என்றார் லாரி டிரைவர்.

"செடி அப்புறம். இப்பதான் மண்ணுக்கு உயிர் வருது. தோண்டித்தான் பாருங்களேன்."

டிரைவர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். கறுப்பாக உதிர்ந்த மண்ணில் மண்புழு நெளிந்தது. அவர் கையைத் தட்டிக்கொண்டு தாளாளரிடம் திரும்பினார்.

"சார், இந்தம்மா நகர்ற ஆளு இல்ல. நான் வேற லோடு பாத்துக்கறேன்."

தாளாளர் விடவில்லை. டீச்சரைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டு, சிமெண்ட் போட ஆரம்பித்தார். பிள்ளைகளின் பெற்றோர் திரண்டு வந்து சத்தம் போட்ட பிறகுதான் பாதி இடமாவது தப்பியது. திரும்பி வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, குழாயடியில் முகம் கழுவும் சாக்கில் அழுதார். பிறகு மிச்சமிருந்த பாதியில் முள்ளங்கி விதைத்தார்.

முளைத்தது. கல்லில் இடறி இரண்டு காலாகப் பிரிந்து, கோணல்மாணலாகத்தான் வளர்ந்தது. ஆனாலும் கடித்தால் நறுக்கென்றிருந்தது. டீச்சர் மண்ணோடு ஒரு கட்டு முள்ளங்கியைக் கொண்டுபோய்த் தாளாளர் மேசையில் வைத்தார்.

"இதை என்னம்மா பண்றது?"

"கழுவிட்டுச் சாப்பிடுங்க சார். சுவரோரமா இன்னும் கொஞ்ச இடம் கிடக்கு. அங்க வெண்டை போடப்போறேன்."

"யாரைக் கேட்டு?"

டீச்சர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.