படப்புத்தகத்தில் அம்மா

பேத்தியின் புதுப் படப்புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் காகித வாசனை என்னை அறுபதுகளின் திருப்பூருக்கு, ஒண்ணாம் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டது.

அன்று டீச்சர், ஊருக்கு உழைப்பவர்களைப் பற்றிய படப்புத்தகத்தை விரித்துக் காட்டினார். தபால்காரர், உழவர், டாக்டர் எல்லோரும் இருந்தார்கள்.

"எங்கம்மா எந்தப் பக்கத்துலீங்க டீச்சர்?" என்று கேட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் தைத்த பனியன்களை மடித்து அடுக்குபவள். வகுப்பே சிரித்தது. நான் அழுதுவிட்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "விட்டுப்போச்சு கண்ணு" என்றார்.

மறுநாள் மதியம் என்னைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கே போனார். அம்மா பயந்துவிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டாளுங்களா?"

"இல்லீங்க. உங்களை வரையணும். நீங்க வேலையைப் பாருங்க."

பென்சிலில் வரைந்ததை மைதாப் பசை போட்டு, டாக்டருக்கு அடுத்த பக்கத்தில் ஒட்டினார்.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"நான் இத்தனை நிமிந்தா உக்காந்திருந்தேனுங்க?"

"ஆமாங்க" என்றார் டீச்சர்.

அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த மரகதம் எழுந்து நின்றாள். "எங்கப்பாரு சாயப்பட்டறையிலீங்க டீச்சர். நாளைக்கு அங்க போலாமுங்களா?"