தீவுக்குப் புறப்பட்ட பை

அந்தமானுக்கும் தெற்கே ஒரு சின்னத் தீவில் என் கணவருக்கு இரண்டு வருட வேலை என்று உத்தரவு வந்ததும், நான் முதலில் ஒரு நோட்டு வாங்கினேன். பாபநாசத்தில் பிறந்து, நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள் நான். நாகப்பட்டினத்தில் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் படித்தவளாயிற்றே, கேள்விகளை எண் போட்டு எழுதினேன். அங்கே புழுங்கல் அரிசி கிடைக்குமா? அந்தப் புழுக்கத்தில் இட்லி மாவு எவ்வளவு நேரம் தாங்கும்? பருப்பில் வண்டு வருமா? மொத்தம் நாற்பத்தொரு கேள்விகள்.

"தீவுல இருக்கிறவங்களும் சாப்பிட்டுத்தான் உயிரோட இருக்காங்க," என்றார் கணவர்.

அவர் எதையும் எழுதவில்லை. நீச்சலுக்கென்று ஒரு கால்சட்டை மட்டும் வாங்கினார். காவிரியில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கியவர் இல்லை.

எங்கள் மூன்று வயது மகளுக்கு இளைப்பு உண்டு. மருந்து எப்போதும் கைவசம் இருந்தால் கூட்டிப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குழந்தையும் நானும் உடன் போவது என்று முடிவானது. டிக்கெட் கிடைத்தது செவ்வாய்க்கிழமைக்கு.

"பச்சைப் புள்ளைய வச்சுக்கிட்டு செவ்வாய்க்கிழமையா கிளம்புவாங்க?" என்றார் அத்தை, என் மாமியார்.

"விமானம் விடுறவங்க பஞ்சாங்கம் பாக்கிறதில்லம்மா," என்றார் கணவர்.

அதற்கும் அத்தையிடம் வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஒரு பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு செவ்வாய்க்கிழமை கிளம்பினாலும் பாதகமில்லை. வைத்த பை மட்டும் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது.

"பேருக்குப் பழைய துணிய சுருட்டி வைக்காதம்மா. உண்மையிலேயே வேணுங்கிறத வை."

நான் சொன்னதைச் செய்கிறவள். யோசித்துப் பார்த்தேன். குழந்தை இளைப்புக்கு உறிஞ்சும் பம்ப், அதை மாட்டும் குழல், நெபுலைசர் இவற்றைவிட வேண்டியது எது? மூன்றையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் பை எதிர்வீட்டு அக்காவிடம் போனது. அத்தைக்கு அவ்வளவு திருப்தி. எனக்கும்தான்.

அப்போது குறுவை அறுவடை. ரோட்டில் நெல் காய்ந்தது, ஊரே தூசி. சாயங்காலம் குழந்தைக்கு நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. ஃபோன் செய்தேன்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"தாராசுரத்துல, வளைகாப்புக்கு. இப்பதான் பந்தியில உக்காந்தேன். என்னம்மா?"

சொன்னேன். "அடிப்பாவி, மருந்தையா வச்ச?" என்றவர், இலையை மூடிவிட்டு ஆட்டோ பிடித்தார்.

அதற்குள் கணவர் பைக்கில் பறந்து, பூட்டியிருந்த முதல் மருந்துக்கடையைத் தாண்டி இரண்டாவதில் புது பம்பும் குழலும் வாங்கி வந்துவிட்டார். கொடுத்ததும் இளைப்பு கொஞ்சம் தணிந்தது. அக்கா வந்து பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவர, அத்தை இரண்டு கையையும் நீட்டி மறித்தார்.

"பை உள்ள வரக்கூடாது! புள்ளைய அங்க தூக்கிட்டுப் போங்க!"

அதனால் நாங்கள் எல்லோரும் எதிர்வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். நெபுலைசர் கடகடவென்று ஓடியது.

"தீவுக்குப் போறோம்னுட்டு எங்க வீட்டுக்குக் குடிவந்துட்டீங்களே," என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்: பத்து நிமிடத்தில் மருந்துக்கடை, அரை மணியில் அக்கா. என் நாற்பத்தொரு கேள்விகளில் இது மட்டும் இல்லை.

"அங்க இப்படி வந்தா என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க," என்றேன். தீவில் இவர் யாருடைய இடத்துக்குப் போகிறாரோ, அவரை அந்தக் கூடத்தில் இருந்தபடியே கணவர் ஃபோனில் பிடித்தார். ஒரு நர்ஸ் இருக்கிறாராம். ஆக்சிஜனும் உண்டாம். அதற்கு மேல் போனால் கப்பல்தான், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். மழைக்காலத்தில் இரண்டுமே சில நாள் வராதாம்.

"குழந்தையோடவா வர்றீங்க? கடல் அடங்கட்டுமே, சார்."

ஃபோனை வைத்த பிறகு, கடமை தவறிய குரலில் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை நாங்க வரலைங்க."

அவர் சட்டென்று தலையாட்டினார். "ரெண்டு வாரமா எனக்கும் இதே நினைப்புதான். சொன்னா நீ அழுவியேன்னு பயந்தேன்."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு நான் நோட்டு நோட்டா எழுதிக்கிட்டிருக்கேன்!" என்று கத்தினேன். பிறகு, அவர் பயந்தபடியே, அழுதேன்.

அவர் தனியாகப் போனார். நாங்கள் தை மாதம் போவதாக இருக்கிறோம். இளைப்பு வராமல் தடுக்க மருத்துவர் தினசரி மருந்து கொடுத்திருக்கிறார். தினமும் ஃபோனில் அவர் குழந்தையின் இருமலை விசாரிக்கிறார். நான் கடல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். நேற்று, "அடங்கிட்டு வருது," என்றார். உண்மையா, இல்லை எனக்காகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. நாளைக்கு நர்ஸிடமே கேட்டுவிடுவேன்.