தோள்பட்டைக்கு லீவு

சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறவன் அதிகம் சொல்லும் வார்த்தை "போதும்". அதைக் காதில் வாங்குகிறவர் ஒருவரும் கிடையாது.

பி.டி. மாஸ்டராக இருந்தவர்களுக்கு இது புரியும். மழை பெய்தால் உங்கள் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். வெயில் அடித்தால், மயங்கி விழுந்த பிள்ளைக்கு நீங்கள் பொறுப்பு. கோப்பை வந்தால் பள்ளியின் பெருமை, வராவிட்டால் மாஸ்டரின் அலட்சியம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம். எங்கள் பிட்சர், அதாவது பந்து போடுகிறவள், பிலோமினா, ஒன்பதாம் வகுப்பு, வீடு சேக்காடு. சாஃப்ட்பாலில் பந்தைத் தலைக்கு மேலிருந்து எறியக் கூடாது. கையை ராட்டினம் மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழே விட வேண்டும். பிலோமினா விட்டால் பந்து தெரியாது, சத்தம்தான் கேட்கும். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். தோள் ஒழுங்காக இருந்தால் அவள் போவாள். இல்லாவிட்டால் இல்லை. இதில் என் வேலை, அந்தத் தோளைக் காப்பாற்றுவது.

இடக்கைச் சிலுவை

ஒரு திங்கட்கிழமை காலை ஜெபம். பள்ளியே நெற்றியில் கை வைத்துச் சிலுவை போடுகிறது. பிலோமினா மட்டும் இடது கையால் போட்டாள். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டருக்கு மேடையில் நின்றால் கடைசி வரிசையில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். அவளையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். வலது கையைத் தூக்கு என்றேன். மார்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

தப்பு என்னுடையது மட்டும் அல்ல, ஊர் வழக்கமே அப்படி. ஒரு பள்ளிக்கு ஒரு பிட்சர். காலையில் பிராக்டிஸ், மாலையில் பிராக்டிஸ், சனிக்கிழமை இரண்டு மேட்ச், எல்லாவற்றுக்கும் அவளே. கிரிக்கெட்காரனுக்குத்தான் தோள் போகும், கீழே இருந்து போடுகிறவளுக்கு என்ன வந்தது என்று எல்லோருக்கும் நினைப்பு. டாக்டர் பார்த்தார். எலும்பு சரி, சதை களைத்துப் போயிருக்கிறது, அளவாகப் போடட்டும் என்றார். இதை சிஸ்டரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "வலி இருக்கட்டும் மாஸ்டர். சிலுவை வலது கையால்தான் போட வேண்டும்."

புளியங்கொட்டை

அளவாக என்றால் எவ்வளவு? அதற்கு ஒரு வழி செய்தேன். ஒரு பவுடர் டப்பாவில் எண்ணிப் போட்ட புளியங்கொட்டை. பிராக்டிஸ் தொடங்கும்போது அதை அப்படியே வலது பாக்கெட்டில் கொட்டிக்கொள்வேன். ஒரு பந்துக்கு ஒரு கொட்டை இடது பாக்கெட்டுக்குப் போகும். வலது பாக்கெட் காலியானால் பிலோமினா உட்கார வேண்டும். அப்பீல் கிடையாது.

ஒரு வாரம் நன்றாக நடந்தது. அடுத்த வாரம் பாக்கெட் தீரவே மாட்டேன் என்கிறது. வெயில் இறங்கிவிட்டது, இவள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள், என் இடது பாக்கெட் தொங்குகிறது. நடந்தால் சலங்கை மாதிரி சத்தம். டப்பா இருக்கும் விளையாட்டுச் சாமான் அறையின் சாவி யாரிடம் என்று யோசித்தேன். கேட்சர் வசந்தியிடம். பிலோமினா போடும் பந்தைப் பிடிக்கிறவள், அவளுடைய உயிர்த்தோழி. கூப்பிட்டு, டப்பாவில் கொட்டை போட்டது யார் என்றேன். கொஞ்சமும் பயப்படாமல் சொன்னாள்: "எங்க ஊட்ல புளிக்கொழம்பு சார். கொட்டைய தூக்கிப் போட மனசு வர்ல."

சிவப்பு ஐஸ்

வலிக்கிற தோளில் ஐஸ் வைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி முகாமில் சொல்லியிருந்தார்கள். ஐஸ் எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. பள்ளியில் ஃபிரிட்ஜ் கிடையாது. கேட்டுக்கு வெளியே கபாலி மூன்று சக்கர வண்டியில் குச்சி ஐஸ் விற்பார். வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, பிலோமினாவின் தோளில் வைத்துக் கட்டினேன். பால் ஐஸ் தீர்ந்துவிட்டதால் சிவப்பு.

அன்று அவர்களுக்கு வெள்ளை யூனிஃபார்ம். கால் மணி நேரத்தில் தோளிலிருந்து முழங்கை வரை சிவப்பாக வழிந்தது. எங்கள் ஆயா அதைப் பார்த்தார். "ரத்தம்! புள்ளைய பந்தால அடிச்சிட்டாங்க!" என்று வராந்தா முழுக்க ஓடினார். சிஸ்டர் வந்தார், டீச்சர்கள் வந்தார்கள், யாரோ ஆட்டோவுக்கும் போய்விட்டார்கள். நடுவில் பிலோமினா நாக்கை நீட்டி முழங்கையை நக்கிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டு வெளியே வந்தால், கபாலி வண்டியோடு காத்திருந்தார். "நாளைக்கு ஆரஞ்சு வெச்சிப் பாக்கலாமா சார்? அது அவ்ளோவா கறை புடிக்காது."

நசரத்பேட்டையில் ஒரு தோல்வி

கொட்டையும் பலிக்கவில்லை, ஐஸும் பலிக்கவில்லை. வலி அப்படியே இருந்தது. சரி, இந்தக் கைக்கு முழு லீவு, பந்தையே தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அந்தச் சனிக்கிழமை நசரத்பேட்டையில் மேட்ச். பிலோமினா பெஞ்சில். பிட்சராக வசந்தி. அவள் போட்ட முதல் பந்து அம்பயரின் முழங்காலில் பட்டது. இரண்டாவது பந்தும் அதே முழங்காலில். மூன்றாவதுக்கு அம்பயர் வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னார். எவ்வளவில் தோற்றோம் என்று எழுத மாட்டேன்.

பிலோமினாவின் அப்பா அந்தோணி, ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்திருந்தார், மகள் போடுவதைப் பார்க்க. மகள் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பதைத்தான் பார்த்தார். எனக்குச் சமாதானம் பேசத் தெரியாது. "உங்க மெஷினை மெயிண்டனன்ஸுக்கு நிறுத்தறதில்லையா? அது மாதிரிதான்" என்றேன். அவர் சைக்கிள் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "மெஷினு நின்னா அத்த திருப்பி ஓட்டத் தெரிஞ்சவன் நானு கீறேன் மாஸ்டர். எம்பொண்ணு நின்னா ஓட்டறதுக்கு யாரு கீறாங்க?"

லீவில் இருந்த கை

மூன்று வாரம் பந்தைத் தொடவில்லை. வலி குறையவில்லை, கூடியிருந்தது. பேனா பிடிக்கவே சிரமப்படுகிறாள் என்று தமிழ் டீச்சர் வந்து சொன்னார். பரீட்சை நெருங்குகிறது. அதற்கு அடுத்தது மாநில அணித் தேர்வு. இவள் வீட்டில் திருட்டுத்தனமாகப் பந்து போடுகிறாள், வசந்தி உடந்தை, என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க, விடியும் நேரத்துக்கு சேக்காட்டுக்கு சைக்கிள் மிதித்தேன். அவர்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

பந்து இல்லை. அடி பம்பு இருந்தது. அந்த வருஷம் மழை பொய்த்து, தண்ணீர் ஆழத்துக்குப் போயிருந்தது. கைப்பிடியில் தொங்கி அடித்தால்தான் கொஞ்சமாவது வரும். பம்பிலிருந்து தெருக்கோடி வரை பிளாஸ்டிக் குடங்கள். அடிப்பது பிலோமினா. வலது கையால். அவள் வீட்டுக் குடம் மட்டும் இல்லை, "பிலோ, எங்குது ரெண்டு", "பிலோ, இதையும் ரொப்பிடும்மா" என்று தெருவே அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். இது என்ன அநியாயம் என்று கத்தினேன். அவள் அம்மா மேரி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "பந்து போட வாணாம்னு நீங்கதானே சொன்னீங்க? கை சும்மாதான கீதுன்னு தெரு தண்ணியையும் அவளையே அடிக்க வுட்டேன் மாஸ்டர்."

மாற்று ஆட்டக்காரர்

நாளையிலிருந்து இவள் பம்பைத் தொடக் கூடாது என்றேன். மேரிக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. அந்தோணி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். "அப்ப யாரு அடிக்கிறது?" என்று மேரி கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தேன். அந்த ஊரில் "ஒரு நாள்" என்றால் அணித் தேர்வு நடக்கும் வரை என்று அர்த்தம் போலிருக்கிறது.

தினமும் போனேன். கொஞ்சம் தாமதமானால், "இன்னா மாஸ்டர், தூங்கிட்டீங்களா? கொடம்லாம் காயுது" என்று கேள்வி. டீக்கடையிலிருந்து ஒருவன், "நைனா, ஸ்கூல்ல பென்ஷன் குடுத்துட்டாங்களா?" என்பான். பிலோமினா கவிழ்த்துப் போட்ட குடத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள். அவள் வலி ஒவ்வொரு நாளும் குறைந்தது. பேனா பிடித்தாள். பரீட்சை எழுதினாள். டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு, மெல்ல மெல்லக் கொட்டையைக் கூட்டி, பந்து போட விட்டேன். அங்கே தோள் சரியாகச் சரியாக, இங்கே ஒரு தோள் முனக ஆரம்பித்தது. நான் வெளியில் காட்டவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலை, குடத்தில் உட்கார்ந்தபடியே, என் குரலிலேயே அதட்டினாள்: "சார், தோள்ல இருந்து அடிக்காதீங்க, இடுப்பத் திருப்புங்க! போதும்னா கேக்க மாட்டீங்களா?"

ஒரு விரல் கிரீஸ்

அணித் தேர்வு ஒரு சனிக்கிழமை. பிலோமினாவுக்கு எதிரே வந்து நின்றவர்கள் மட்டையைச் சுழற்றினார்கள், காற்று வந்தது. பந்து வசந்தியின் கிளவுஸில் இருந்தது. வேறொரு பள்ளியின் மாஸ்டர், இந்தப் பெண்ணுக்குத் தோள் போய்விட்டது என்றார்களே என்று என்னிடம் கேட்டார். போனது வேறு ஆளுக்கு என்றேன். தேர்வானவர்களில் பிலோமினா பெயரைப் படித்தபோது அந்தோணி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்துவிட்டார்.

அப்போதுதான் விஷயம் கேட்டார். மறுநாள் பூசை முடிந்ததும் ஸ்பானரும் கிரீஸ் டப்பாவுமாகப் பம்புக்கு வந்தார். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சங்கிலிக்கும் பேரிங்குக்கும் ஒரு விரல் கிரீஸ் தடவினார். நாலு போல்ட்டை முடுக்கினார். கைப்பிடி வெண்ணெயில் போகிற மாதிரி போனது. மேரி இடுப்பு வலியோடு ஒற்றைக் கையால் ஒரு குடம் அடித்துக் காட்டினார். நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது. அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே போட்டிருப்பேன். ஊட்ல தூங்கிகினு கீறவனுக்கு யாரு சொன்னீங்க?"

மீண்டும் திங்கட்கிழமை

காலை ஜெபம். சிஸ்டர் மேடையில் பிலோமினா பெயரைச் சொன்னார். மாநில அணி. பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு சிலுவை போட வேண்டும். பிலோமினாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை நேராக நெற்றிக்குப் போனது. முகம் சுருங்கவில்லை. நானும் கையைத் தூக்கினேன். சட்டைப் பை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இடது கையால் போட்டேன்.

ஜெபம் முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பிலோமினாவும் வசந்தியும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். பம்பு, குடம், கிரீஸ் எல்லாம் விளக்கிச் சொன்னேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல காரியம்தான் மாஸ்டர். ஆனால் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கை சரியாகும் வரை நீங்கள் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நில்லுங்கள்."

பிள்ளைகளின் தோள்பட்டையைக் காப்பாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பக்கத்தில் கெட்டுப்போகத் தயாராக இன்னொரு தோள்பட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.